தொட்டிக் கடலின் குடிகள்

மீனுக்கு இரையிட்டு மகிழ்தல் நம் நாட்டில் பழைய வழக்கம். கோயிற்குளத்தின் படியில் நின்று பொரி தூவி, மீன்கள் வாய் திறந்து மொய்ப்பதைக் கண்டு களியாத சிறுவர் அரியர். பிற்காலத்தில் கண்ணாடித் தொட்டிகள் இல்லங்களுக்குள் வந்தன. பொன்னிற மீன்களும் பிற நன்னீர் மீன்களும் அவற்றில் உலவின. கடல்மீனையும் பவளத்தையும் வீட்டுக் கூடத்தில் வைத்து வளர்த்தலோ அவற்றினும் அரிய முயற்சி. சிங்கப்பூரில் என் மகன் இல்லத்தில் அத்தகைய தொட்டி ஒன்று உளது. அங்கு யான் தங்கியிருந்த காலத்தில் அதனை நாள்தோறும் கண்டேன். அதில் எந்த உயிரை விடுவது, எதனை விலக்குவது என்று என் மகனும் பெயர்த்தியும் ஆராய்ந்ததையும் உடனிருந்து கேட்டேன்.

இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்குக் கடல்மீனிடம் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும், சேருமிடத்து எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்று முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் கூறி வந்தவன் யான். அத்தொட்டியின் முன் அமர்ந்தபோது அதே வினா வேறு வடிவில் என் எதிரே நின்றது. எந்த உயிரோடு எந்த உயிர் சேரும்? எழுத்துகளின் புணர்ச்சியில் பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் திருத்தி விடலாம். இங்கு நேரும் பிழையோ ஓர் உயிரைக் கொன்றுவிடும்.

முதலில் அத்தொட்டியின் இயல்பைச் சிறிது கூறுகின்றேன். அதன் நீளம் 4 அடி. கொள்ளும் நீர் ஏறத்தாழ 300 லிட்டர். கடல்நீரில் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். தூய்மை செய்த நீரில் இதற்கென்றே விற்கும் கடலுப்பைக் கரைத்து அந்த அளவுக்குக் கொணர்வர். நம் அடுக்களை உப்பு இதற்கு உதவாது. பவளம் தன் கல்லுடலைக் கட்டிக்கொள்வதற்குச் சுண்ணச்சத்து வேண்டும், மக்னீசியமும் வேண்டும். நீரின் வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியஸ் அளவில் நிற்பதற்கு ஒரு குளிரூட்டும் கருவியும் உண்டு. நாள்தோறும் நீர் சிறிது ஆவியாகும். ஆயின் உப்பு ஆவியாவதில்லை. ஆதலால் குறைந்த அளவை நன்னீரால் நிரப்புகின்றனர். உப்புநீரால் நிரப்பினால் உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போய் மீன்களை வருத்தும் அன்றோ?

நீர் ஆயத்தமானவுடன் மீனை விட்டுவிட இயலாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். அந்நாளெல்லாம் வெறுங்கல்லையும் மணலையுமே பார்த்துக்கொண்டிருந்ததாக என் பெயர்த்தி கூறினாள். கண்ணுக்குத் தோன்றாத குடிகளே அத்தொட்டியில் முதலில் குடிபுகுந்தன எனலாம்.

இனி மீன்களைத் தேர்ந்தெடுக்கும் செய்திக்கு வருவோம். கடைக்குச் சென்றால் கண் முதலில் நிறத்தையே நாடும். நீலமும் மஞ்சளும் செம்மையும் கலந்து ஒளிரும் மீன்களைக் கண்டு, இது ஒன்று, அது ஒன்று என்று வாங்கி வந்து ஒரே தொட்டியில் விடுவோர் பலர். கடலில் இரு மீன்கள் பகைத்தால், வலிமை குறைந்தது விலகிச் சென்று வேறோரிடத்தில் வாழும். நான்கடித் தொட்டியில் விலகிச் செல்ல இடம் ஏது? கடலில் சிறு பூசலாய் முடிவது தொட்டியில் கொலையாய் முடியும். இதனை மறந்தவரே பெரிதும் அல்லலுறுகின்றனர்.

என் மகனின் நண்பர் ஒருவர் தொட்டியில் முதன்முதல் விடப்பட்டது, கட்டைவிரல் அளவேயான ஒரு நீலமீன். விலை குறைவு; எந்நீரிலும் எளிதில் சாவதில்லை. ஆகவே, புதிதாகத் தொட்டி வைப்போருக்குக் கடைக்காரர் பலர் அதனையே பரிந்துரைப்பராம். அம்மீன் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு காக்கும் இயல்புடையது. கடலில் அவ்வெல்லை ஒரு பாறை இடுக்கும் அதனைச் சூழ்ந்த சிறு பரப்புமாக இருக்கும். அவர் தொட்டியிலோ வேறு மீன் இல்லாமையால் தொட்டி முழுவதையும் தன் நாடாக அது கொண்டுவிட்டது. பின்னர் வந்த மீன்கள் தம்மினும் சிறிய அதற்கு அஞ்சி, மூலையில் ஒதுங்கி, துடுப்புக் கிழிந்து நின்றன. அதனைப் பிடித்து வெளியேற்றுவதற்குக் கல்லனைத்தையும் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. ஆதலின் அமைதியும் அச்சமும் உடைய மீன்களை முதலில் விட்டு, எல்லை காக்கும் மீன்களை இறுதியில் விடுதல் முறை. ஊருக்குப் பின்வந்தவன் முன்னோர்க்கு அடங்கி நடத்தல் மீனுக்கும் பொருந்தும் போலும்!

என் மகன் முதலில் வாங்கியவை இரண்டு கோமாளி மீன்கள். செம்மஞ்சள் உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட இம்மீனை 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் வாயிலாக உங்களுள் பலரும் அறிவீர்கள். இவற்றின் வாழ்க்கை வியப்புக்குரியது. இவை யாவும் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்துள் வலிமையிற் சிறந்து பெரிதானது பெண்ணாக மாறும். அப்பெண் இறந்துபடின், அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஆண் பெண்ணாகிவிடும். ஆதலின் இளமையிலேயே, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டை வாங்கிவிட்டால் அவை தாமே இணையாகிவிடும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் அது பெரும்பாலும் துரத்தப்படும்.

கோமாளி மீன் கடலில் கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்கிடையே அச்சமின்றி வாழ்வது யாவரும் அறிந்ததே. கடற்சாமந்தி பூவைப் போலத் தோன்றினும் ஒரு விலங்கேயாகும். “தாத்தா, மீனுக்கு வீடு வேண்டாமா? ஒரு சாமந்தியும் வாங்குவோம்” என்றாள் பெயர்த்தி. அவள் தந்தை உடன்படவில்லை. கடற்சாமந்தி ஓரிடத்தில் நில்லாது. தனக்கு ஏற்ற ஒளியும் ஓட்டமும் தேடிப் பாறைமேல் ஊர்ந்து செல்லும். செல்லும் வழியிலுள்ள பவளங்களை எல்லாம் கொட்டிவிடும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீனுக்குச் சாமந்தி இன்றியமையாததும் அன்று. அவன் வாங்கியவை பண்ணையில் பொரித்தவையே. இம்மீனைக் கடலிலிருந்து பிடிக்காமல் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை நம் இராமநாதபுர மாவட்டத்து மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் வகுத்துள்ளது என்பதை ஈண்டு மகிழ்ச்சியோடு குறிப்பிடுகின்றேன்.

மற்றொரு நாள் மூவரும் கடைக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு மீனைக் கண்டு பெயர்த்தி அசையாது நின்றுவிட்டாள். மாண்டரின் மீன் என்பது அதன் பெயர். நீலப் பட்டின்மேல் செம்மஞ்சள் இழையால் கோலமிட்டாற்போன்ற மேனி. சிறு விசிறி போன்ற துடுப்பு. யானும் அத்தகைய அழகினைக் கண்டதில்லை. எவரோடும் பூசலிடாத சாதுவான மீன் என்றார் கடைக்காரர். அது மெய்யே. ஆயினும் அவர் கூறாத செய்தி ஒன்றுண்டு. அம்மீன் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களைக் கொத்திக் கொத்தியே பகல் முழுதும் உண்ணும்; நாம் இடும் உலர் இரையைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் சில கிழமைகளில் தீர்ந்துவிடும். பிறகு, இரை மிதக்கும் நீரிலேயே பட்டினியால் மெலிந்து அது இறக்கும்.

பெயர்த்தி நெடுநேரம் பேசவில்லை. வெளியே வந்தபின், “நாம் விட்டுவந்தால் வேறொருவர் வாங்கிச் சென்று கொன்றுவிடுவாரே, தாத்தா?” என்றாள். அவ்வினா என்னை வாய் மூடச் செய்தது. என் மகன்தான் விடை கூறினான்: “நாம் வாங்கினால், அடுத்த கிழமை அதே இடத்தில் இன்னொன்று இருக்கும், அம்மா.” அவள் முகம் தெளியவில்லை. தெளியாததே முறை என்று யான் எண்ணினேன்.

இரண்டாவதாக ஆராய்ந்த பொருத்தம் மீனுக்கும் பவளத்துக்கும் உள்ளது. பவளம் செடியன்று, கல்லுமன்று. நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் கூட்டு விலங்கு அது. ஒவ்வொரு சிற்றுயிரின் தசையினுள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்கள் வாழ்கின்றன. அவை ஒளியைக்கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகின்றன. நீர் அளவிறந்து வெப்பமுற்றால் இவ்வுறவு முறியும். பாசி நீங்கப் பவளம் வெளுக்கும். துகிர் என்று பழந்தமிழில் வழங்கும் செம்பவள மணி, இங்குக் கூறும் பாறை கட்டும் பவளத்தின் வேறான இனத்திலிருந்து வருவது. பெயர் ஒன்றாயிருத்தலால் மயங்கற்க.

இத்தகைய பவளத்தை உணவாகக் கொள்ளும் மீன்கள் உள. வண்ணத்துப்பூச்சி மீன் என வழங்கும் இனத்துள் பல, பவளச் சிற்றுயிரை ஒவ்வொன்றாகக் கிள்ளி உண்ணும். கிளிமீன் தன் அலகினால் பாறையையே கடித்து நொறுக்கி, மணலாக்கிக் கழிக்கும். வெப்பநாட்டுத் தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு இம்மீன்களின் வயிற்றின் வழியே வந்ததுதான். கடலுக்கு இவை வேண்டியனவே. பவளத் தொட்டிக்கு இவை ஆகா. சிங்கமீன் பவளத்தைத் தீண்டாது. ஆனால் வாயில் அடங்கும் மீனை எல்லாம் விழுங்கிவிடும். வாலடியில் கத்தி போன்ற முள்ளையுடைய நீல மீன் ஒன்று மேற்கூறிய திரைப்படக் கதையால் பெரும்புகழ் பெற்றது. அது பவளத்தோடும் பிற மீனோடும் ஒருவாறு ஒத்துப்போகும். ஆனால் ஓர் அடி நீளம் வளரும். கடலில் நெடுந்தொலைவு நீந்திப் பழகிய இனம். விரலளவு குஞ்சாக அதனை விற்கும்போது இச்செய்தியை எவரும் எழுதி ஒட்டுவதில்லை.

மூன்றாவது பொருத்தமே என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது. அது பவளத்துக்கும் பவளத்துக்கும் இடையே பார்ப்பது. அசையாமல் ஓரிடத்தில் நிற்பவை தம்முள் என்ன பகை கொள்ளும் என்றே யானும் எண்ணியிருந்தேன். ஓர் இரவு பத்து மணியளவில், தொட்டியின் விளக்கு அணைந்து நெடுநேரம் ஆனபின், என் மகன் சிவப்புத் தாள் சுற்றிய ஒரு கைவிளக்கை ஏந்தி எம்மை அழைத்தான். பகலில் பசுமையான பூங்கொத்துப் போல் விளங்கிய ஒரு பவளத்திலிருந்து, கண்ணாடி இழை போன்ற நீண்ட கைகள் புறப்பட்டு நீரோட்டத்தில் அலைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் குறையாது. அவற்றின் நுனியில் கொட்டும் நுண்ணுறுப்புகள் நிறைந்திருக்கும். அக்கைகளுள் இரண்டு அடுத்திருந்த பவளத்தின்மேல் படிந்து படிந்து எழுந்தன. காலையில் பார்த்தபோது, தீண்டப்பட்ட பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தசை கரைந்து வெள்ளெலும்பு போலக் கல் தெரிந்தது. ஓசை ஒன்றும் எழவில்லை, நீர் கலங்கவுமில்லை. அடுத்த அறையில் நாங்கள் உறங்கிக்கொண்டிருந்தோம்.

மென்பவளங்களின் போர் முறை வேறு. அவை கை நீட்டுவதில்லை. அயலிலுள்ள பவளங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை நீரிலேயே கலந்துவிடும். அதன் பொருட்டு வடிகட்டும் கருவியில் தூய கரியை வைத்து நீரைச் செலுத்துகின்றனர். பொத்தானைப் போன்ற வட்டப் பவள இனம் ஒன்றில் மனிதரையே கொல்லவல்ல நஞ்சு இருப்பதுண்டு. அதனைத் தொடுமுன் கையுறை அணிதல் வேண்டும்.

அன்று காலையே என் மகன் அவ்விரு பவளங்களையும் பிரித்து, இடையில் ஒரு சாணுக்கு மேல் வெளி விட்டு வைத்தான். “ஈருயிர் அடுத்து நின்றால் நடுவே என்ன வரும்?” என்று பெயர்த்தியைக் கேட்டேன். “உடம்படுமெய்” என்றாள், சிரித்துக்கொண்டே. இங்கு உடம்படுமெய்யாய் நின்றது வெறும் நீரே. அதன்பின் அவர்கள் இடமறிந்து வைக்கலாயினர். கிளைபரப்பி வளரும் கற்பவளங்களுக்கு மிக்க ஒளியும் விரைந்த ஓட்டமும் வேண்டும். அவை பாறையின் உச்சியில் இடம்பெற்றன. காளானைப் போன்றவை மங்கிய ஒளியில் மகிழ்பவை. அவை அடியில் அமர்ந்தன. நீண்ட கைகளையுடைய அந்தப் பூங்கொத்து, ஓட்டத்தின் கடைக்கோடியில் தனியே நிறுத்தப்பட்டது. காயமுற்ற பவளம் தசையை மீண்டும் மூடிக்கொள்வதற்கு மூன்று திங்கள் ஆயிற்று.

மாணவர்களே, இதனைப் படித்துவிட்டு நம் கடற்கரையில் பவளம் பெயர்க்க எவரும் எண்ணற்க. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001ஆம் ஆண்டு, பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காவல் பவளத்துக்கும் உண்டு. கடற்குதிரையும் கடலட்டையும் அவ்வாண்டிலேயே காவல் பெற்றன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முன்னாளில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்குப் பவளக்கல்லைத் தோண்டினர். அத்தீவுகளுள் இரண்டு இன்று நீரில் மூழ்கிவிட்டன. அத்தோண்டுதலை அதற்கு ஒரு காரணமாகக் கூறுவர். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பமுற்றபோது அங்குப் பவளங்கள் வெளுத்தன. எஞ்சியிருப்பது நம் காவலை வேண்டி நிற்கின்றது. சிங்கப்பூரில் என் மகன் வாங்கியவை, பண்ணையில் தாய்ப் பவளத்திலிருந்து துண்டு நறுக்கி, விரலளவினவாக வளர்த்து விற்பவை. கற்பவளத்தை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லுதல், 1973இல் வாஷிங்டனில் கையொப்பமான பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுக்கு உட்பட்டது. உரிமச்சீட்டைக் காட்டாத கடையில் அவன் ஒன்றும் வாங்குவதில்லை.

பகையை மிகுதியும் கூறினேன். ஓர் உறவையும் கூறுதல் வேண்டும். மணலில் வளை தோண்டும் ஒருவகை இறால் உண்டு. அதற்குக் கண்பார்வை மிகக் குறைவு. அவ்வளையின் வாயிலில் ஒரு சிறுமீன் காவலிருக்கும். இறால் மணலை உந்திக்கொண்டு வெளிவரும்போதெல்லாம் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின்மேல் வைத்தவாறே வரும். பகை கண்டால் மீன் வாலை அசைக்கும், உடனே இறால் உள்ளே மறையும், மீனும் பின்தொடரும். வீட்டைக் கட்டுவது ஒன்று, காப்பது ஒன்று. இவ்விரண்டையும் சேர்த்தே தொட்டியில் விட்டனர். விட்டபோது இரண்டும் வெவ்வேறு மூலையில் ஒளிந்தன. நான்காம் நாள் காலை மீன் வளைவாயிலில் நின்றது. அதன் முதுகின்மேல் மெல்லிய கொம்பு ஒன்று படிந்திருந்தது. அன்று பள்ளிக்குச் செல்லப் பெயர்த்தியை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. எம்மை எழுப்பியவளே அவள்தான்.

எந்த மீனையும் வாங்கியவுடன் அவர்கள் பெருந்தொட்டியில் விடுவதில்லை. ஒரு திங்கள் அளவு தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை எனத் தெளிந்த பின்னரே சேர்க்கின்றனர். மீன்நோய்க்கு இடும் செம்புமருந்து பவளத்தையும் இறாலையும் கொல்லுமாதலால், பெருந்தொட்டியில் மருத்துவம் செய்ய இயலாது.

பெயர்த்தி ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கம். முழு வளர்ச்சியில் அதன் நீளம், உண்பது, அஞ்சுவது, அதற்கு ஆகாதது என நான்கு செய்திகள். இரண்டு கோமாளி மீன்கள், காவல் மீன் ஒன்று, பாறைமேல் அமர்ந்து பாசி மேயும் சிறுமீன் ஒன்று, அஞ்சினால் நீரைவிட்டுத் துள்ளும் செவ்வால் மீன் ஒன்று. இதன் பொருட்டே தொட்டிக்கு வலைமூடி இட்டனர். இவற்றோடு பங்காய் மீன் இரண்டு. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கு உரிய இவ்வினத்தில் ஆண்மீனே முட்டைகளை வாயில் அடக்கி, உணவின்றிக் காக்கும். கடலில் அருகி வருவதாதலால் இவற்றையும் பண்ணையிலிருந்தே பெற்றனர். ஆக ஏழு. அத்தனை நீரில் இன்னும் நான்கைந்து விடலாமே என்று வந்தவரெல்லாம் கூறினர். குறிப்பேட்டில் எட்டாம் பக்கத்துக்கு மாண்டரின் மீன் என்று தலைப்பிட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். யான் ஊர் திரும்பும் வரையில் எட்டாவது மீன் வரவில்லை.